முதலாளி கையால் லாகின்

வேலை கேட்டுப் போனபோது சென்னைக் கம்பெனிக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "டிசைனெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீங்க வரைஞ்சதுதான்னு எப்படிம்மா நம்புறது?" காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் கடையில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டுகிறேன். ஒரு ஃபைலில்கூட என் பெயர் இல்லை. ஆதாரத்தோடு வந்தால் வேலை என்றார்.

மறுநாளே சி மொழியில் ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். டிசைனை சேவ் செய்ததும் getlogin என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, லாகின் செய்தவர் பெயரை ஓரத்தில் போட்டுவிடும்.

போட்டது முதலாளியின் பெயரை! போடாமல் என்ன செய்யும்? தினமும் சூடம் காட்டியதும் எல்லா கம்ப்யூட்டரிலும் அவர்தான் தன் கையால் லாகின் செய்வார். அப்போதுதான் வியாபாரம் ஓடுமாம். கர்மம்! எனக்கென்று ஒரு லாகின் கணக்கைத் திறந்து, su என்ற கட்டளை போட்டு அதற்கு மாறி, மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அவர் பெயரே வந்து நின்றது. படித்துப் பார்த்தால், getlogin முதலில் உள்ளே நுழைந்தவரைத்தான் சொல்லுமாம். நடுவில் யார் மாறினாலும் அதற்குக் கவலையில்லை. இப்போது வேலை செய்வது யாரென்று தெரிய, getuid கொடுக்கும் எண்ணை getpwuid-இடம் கொடுத்துப் பெயர் கேட்க வேண்டும். கேட்டேன். முந்தானை மயிலுக்குக் கீழே என் பெயர் வந்தது! வாலாஜாபாத் பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அசடு மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முதலாளி பிரிண்டைக் கையில் எடுத்தார்.

"இன்னாம்மா இது, ஓரத்துல உம்பேரு வந்துக்கினு இருக்குது?"

"வரைஞ்சது நான்தானேண்ணா."

"யாரு இல்லைன்னது? புடவை வாங்க வர்றவங்க உன்னையா தேடிக்கினு வர்றாங்க? எடுத்துடும்மா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. என் வரியை அழித்துவிட்டு, அவர் பெயரே வந்து தொலையட்டுமென்று பழைய getlogin வரியைப் போட்டு, அவர் எதிரிலேயே ஓட்டிக் காட்டினேன். தன் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நல்லா இருக்குதேம்மா. இது இருக்கட்டும். எல்லா டிசைனுக்கும் போட்டுடு."

பழைய டிசைன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சேவ் செய்து முடித்தேன். கம்பெனிக்காரருக்கு போன் செய்யவில்லை. முன்பு என் மயில்களுக்குக் கீழே யார் பெயரும் இல்லாமலாவது இருந்தது.