புருவமில்லாத பார்லர்க்காரி

முடிவெட்டுபவருக்கு வழுக்கை விழுந்தால் ஊர் மன்னித்துவிடும். பார்லர்க்காரிக்குப் புருவம் இல்லையென்றால் யாரும் படியேற மாட்டார்கள்.

ஆம்பூரில் ஒரு மாடியறையில் பார்லர் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஷூ கம்பெனிப் பெண்கள். போன வருஷம் என் புருவங்கள் இரண்டும் திட்டுத் திட்டாக உதிர்ந்து, கடைசியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. வேலூருக்குப் போய்க் காட்டினேன். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. எங்கள் வீட்டு உலை இந்தக் கடையை நம்பித்தான் கொதிக்கிறது. வாடிக்கைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று பயந்தேன். கண்ணாடி முன் நின்று ஒரு பக்கம் சரியாக வந்து மறுபக்கம் வராமல், அழித்து அழித்து வரைந்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

கறுப்புப் பென்சில்

முதலில் கைக்குக் கிடைத்தது கண்மை பென்சில். வெறும் தோலில் அழுத்தி இழுத்தேன். கரிக்கட்டையால் கோடு போட்டது மாதிரி வந்தது. அதுவும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பயமாகத்தான் இருந்தது. ஆனால் மணி ஒன்பதாகிவிட்டது, கடையைத் திறந்தாக வேண்டும்.

முதல் ஆளாக வந்த பெண் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள். நான் சிரித்துக்கொண்டுதான் உள்ளே கூப்பிட்டேன். அவள் வரவில்லை. "நேத்து வர்றேன்னு சொல்லிட்டு வரல, தப்புதான். அதுக்கு இன்னாக்கா இவ்ளோ கோவம்?"

எஸ்தர் போட்ட பாலிஷ்

அதன் பிறகு வேலூர் பஜாரில் புருவப் பவுடர் வாங்கி வந்தேன். கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பு எடுங்கள் என்று கடைக்காரப் பெண்தான் சொன்னாள். அவள் நன்றாக இருக்கட்டும். நம் முடி கறுப்பு என்றாலும், கறுப்புப் பவுடர் போட்டால் ஒட்டவைத்தது போலத் தெரியும். பழுப்புதான் இயற்கையாக உட்காரும். சாய்வாக வெட்டிய சின்ன பிரஷ்ஷில் கொஞ்சமாகத் தொட்டு, தட்டி உதறி, புருவத்தின் நடுவில் ஆரம்பித்து வால் பக்கம் குட்டிக் குட்டியாக இழுக்க வேண்டும். மூக்குப் பக்கத்துக்குப் பிரஷ்ஷில் மிச்சம் இருப்பதே போதும். இதெல்லாம் என் முகத்திலேயே பழகியது.

வாடிக்கைக்காரர்களுக்கும் போட ஆரம்பித்தேன். எஸ்தர் என்ற பெண், ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருப்பவள், தானே போட்டுப் பார்க்கிறேன் என்று பிரஷ்ஷை வாங்கினாள். ஷூத் தோலில் சிராய்ப்பு விழுந்த இடத்தில் கலர் தொட்டு மறைப்பதுதான் அவள் வேலை. கை சுத்தமாக இருந்தது, என்னைவிட அழகாகப் போட்டாள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் மடியில் கிடந்த துண்டை எடுத்துப் புருவத்தைப் பரபரவென்று தேய்த்துவிட்டாள். பவுடரெல்லாம் காதோரம் போய்விட்டது. "பளபளப்பு வர்ற வரிக்கும் கை நிக்காதுக்கா, பழக்கம்."

மல்லிகா அக்கா போட்ட ரிஜக்ட்

மல்லிகா அக்காவுக்கு அதே கம்பெனியில் ஜோடி பார்க்கும் வேலை. இடது ஷூவும் வலது ஷூவும் கலரில் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டியில் போடுவார். கம்பெனி பஸ்ஸில் அவர் பேச்சுதான் ரேடியோ. அவர் நல்லதென்றால் பஸ்ஸே நல்லதென்னும். அதனால் கவனமாகத்தான் பவுடர் போட்டேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கைக்கண்ணாடியோடு ஜன்னலுக்குப் போய்விட்டார். டியூப்லைட்டில் எல்லா ஜோடியும் பாஸ்தானாம். வெயில் வெளிச்சத்தில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். நானும் பார்த்தேன், அவர் சொல்வது சரிதான். அன்றே நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டேன். அந்தப் புத்தி அவர் கொடுத்தது, மறக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "இடது ஜாஸ்தி, வலது கம்மி. இத்த நான் பெட்டியில போட மாட்டேன்."

கரண்ட் போன மத்தியானம்

சித்திரை வெயில். த்ரெடிங்குக்கு மல்லிகா அக்கா சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நூலின் ஒரு முனை என் பல்லில், மறுமுனை கையில். கரண்ட் போய் ஃபேன் நின்றது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கவும் இரண்டு தோளிலும் முகத்தை மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். ரவிக்கையில் பழுப்புக் கறை பட்டதை அப்புறம்தான் பார்த்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பிச் சுவர்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பல்லில் இருந்த நூல் தானாக விழுந்தது. ஜோடி ஜோடியாகக் குறை தேடுவதே வேலையாக உள்ளவர் கண்ணிலா இது பட வேண்டும்? மறைக்க ஒன்றும் இல்லாததால், உதிர்ந்துபோனதைச் சொல்லிவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் ஒரு தடவை திரும்பினார். "ரெண்டுமேவா?"

ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் என்ன பேச்சு ஓடுகிறதோ என்று சாயங்காலமெல்லாம் அதே நினைப்பு. ஞாயிறு கம்பெனிக்கு லீவு, எனக்கு அதுதான் வியாபார நாள். யாரும் வரமாட்டார்கள், ஷட்டரைத் தூக்குவதே வீண் என்று நினைத்துக்கொண்டு போனேன். மாடிப்படியில் மேலிருந்து கீழ்வரை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எஸ்தர் மேல்படியில் இருந்தாள்.

எல்லோருக்கும் பவுடர்தான் வேண்டுமாம். எனக்குக் கண் கலங்கியது. முகத்தைத் துடைக்கவும் பயம், பவுடர் போய்விடுமே. அப்படியே கண்ணீர் வழிய நின்றேன். மல்லிகா அக்கா பஸ்ஸில் என்னதான் சொன்னார் என்று எஸ்தரிடம் கேட்டேன். அவர் பேசியதை அப்படியே அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "ஒரு முடி கூட இல்லாத எடத்துலியே ஊரே நம்புற மாதிரி புருவம் வைக்கிறா அந்தப் பொண்ணு. நமக்கெல்லாம் பாதி இருக்குதே, சும்மா வுடுவாளா? போங்கடி."

ஆக, என் அனுபவத்தில் புருவம் இல்லாதது ஒரு குறையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட நேரம் இல்லாததுதான் குறை.