பீலியைக் காத்த விறகு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே புது ரோட்டுக்காக மண் வெட்டுகிறோம். மழையில் அந்த மண் கரைந்து நாங்கள் குடிதண்ணீர் பிடிக்கும் ஊற்றுக்குழாயான பீலிக்குள் இறங்காமலிருக்க, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளான மிளாறுகளைச் சரிவில் வரிசையாக அடுக்கி வைப்போம்.

அடுக்கியது மறுநாள் இருக்காது. மிளாறு என்றாலே அடுப்புக்குத்தானே. லயத்துப் பெண்கள் வழக்கம்போலச் சுமந்து போய்விடுவார்கள்.

இன்று சாயங்காலம் வானம் கறுத்தபோது சரிவில் ஒரு குச்சிகூட இல்லை. எங்கள் கங்காணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அவ்வழியே வந்த பார்வதி அக்கா அதைப் பார்த்தார். லயத்தை நோக்கிக் குரல் கொடுத்தார். "பீலி பூரா சேறாயிரும், எல்லாரும் வெறக எடுத்துட்டு வாங்கடி."

தலைச்சுமையோடு வரிசையாக ஏறி வந்தார்கள். அக்கா தன் சுமையை என் முன்னால் போட்டார். "சீக்கிரம் அடுக்குங்க தம்பி, புள்ளைங்க குடிக்கிற தண்ணி."

மழை கொட்டித் தீர்த்தது. மண்ணெல்லாம் மிளாறிலேயே தங்கிவிட்டது. பீலியில் தெளிந்த தண்ணீர் விழுகிறது. அந்தப் பெண்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

அதைச் சொல்லத்தான் போனேன். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, அடுப்பெரிக்க இப்ப என்ன வழி?" என்றார் அக்கா.

நல்ல தண்ணீர் இருக்கிறது, தேயிலைத் தூள் இருக்கிறது, விறகு முழுக்கச் சேற்றில் கிடக்கிறது. லயத்தில் ஒருவரும் இன்னும் தேநீர் குடிக்கவில்லை. காய்ந்த விறகு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், கேத்தலோடு வருகிறோம்.