மச்சான் வண்டியின் ஒன்றரைச் சுற்று

என் மச்சானின் கார், சாவியை ஒரு தடவை திருப்பினால் கிளம்பிவிடும். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. என்னிடம் இருப்பதும் அதே கார்தான். அதே மாடல், ஸ்டியரிங்கை ஒட்டி அதே கியர் கம்பி, ஏறக்குறைய அதே வயசு.

அவன் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். நான் கடலூரிலிருந்து செம்மங்குப்பம் ஆலைக்கு ஷிப்ட் போகிறவன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு அவன் எங்களோடு பேசுவான். டீ தளும்பாது. என் வண்டியோ சிக்னலில் நின்றால் இருமி இருமி அணைந்துவிடும். பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்துவார். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். திட்டினால்கூடத் தேவலை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டிலிருந்து மாதா கோயிலுக்குப் பழைய காரில்தான் போக வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த வார்த்தையிலேயே அவள் சொன்னாள்:

“மாமா வண்டியில போறேன்ப்பா. நம்பளுது வழியில நின்னுடும்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெற்றவன் நான், ஊர்வலம் அவன் வண்டியிலா?

நியாயமாகப் பார்த்தால் என் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, தேய்ந்துபோன ஜெட்டை, அதாவது பெட்ரோல் வருகிற அந்தப் பித்தளைத் துளையை, மாற்றியிருந்தால் போதும். ஆனால் அவனுடையதைவிடப் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று எனக்கு வெறி. போனில் சொன்னதும் அவன் தடுத்தான்.

“பெருசு வேணாம் மாமா. நம்ப இன்ஜினு அவ்ளோ மூச்சு இழுக்காது. ஜாஸ்தி குடிக்கும், மெதுவா போனா திணறும்.”

அவன் வேண்டாம் என்றதாலேயே வாங்கினேன். பாண்டியில் பழைய சாமான் கடையில், வேறு ஏதோ பெரிய வண்டியிலிருந்து கழற்றியது. மாட்டிய அன்றே கரும்புகை. தெருவே பெட்ரோல் நாறியது.

பத்திரிகை வைக்கச் சிதம்பரம் போனபோது சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்துப்போனேன். காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை ஒரு சின்னத் திருகுதான் முடிவு செய்கிறது. அதை முழுக்க மூடிவிட்டு, எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்று எண்ணிக்கொண்டால் அவன் ரகசியம் என் கையில். அவன் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். நான் பானெட்டைத் தூக்கினேன். ஒன்றரைச் சுற்று.

எண்ணியதோடு பழையபடி வைத்திருக்கலாம். என் கை வைக்கவில்லை. இரண்டேகால் சுற்றுத் திறந்துவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்க் காபி குடித்தேன். நல்ல காபி.

வீட்டுக்கு வந்து என் வண்டியில் ஒன்றரைச் சுற்று வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெரிய கார்பரேட்டரின் வாய்க்கு அவன் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதே இருமல், அதே புகை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலையில் மச்சான் வந்து இறங்கினான். அவன் வண்டியில் ஒரு பிசிறு இல்லை.

“யாரோ நம்ப வண்டி ஸ்க்ரூவ திருப்பி வெச்சிட்டாங்க மாமா. ஸ்டார்ட் பண்ணதுமே காதுல கேட்டுச்சு,” என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பிறகு, “உங்க பழைய கார்பரேட்டர் எங்க?” என்றான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புது ஜெட் அவனே கொண்டுவந்திருந்தான். பழையதைப் பெட்ரோலில் கழுவி, ஊதி, மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். இருமல் நின்றது. என் வண்டிக்கு இப்படியும் ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

“பொண்ணு அப்பா வண்டியில வந்தாதான் மாமா அழகு. நான் பின்னால வர்றேன்,” என்றான்.

வாயில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் வண்டிமேல் இருந்த பொறாமை அந்த நிமிஷம் அவன்மேலேயே திரும்பிவிட்டது. இப்படி ஒரு மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

கல்யாணத்தன்று மகள் வெள்ளைப் புடவையில் என் காரின் பின்சீட்டில் ஏறினாள். சாவியைத் திருப்பினேன். ஒரே தடவையில் கிளம்பியது. சிக்னலில் நின்றது, அணையவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வண்டிய மாமா பாத்தாராப்பா?”

நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவன் கார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. ஆமாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கோயில் வந்துவிட்டது.