காசிம் டாக்டர் கேட்ட பேச்சு

செய்தி எனக்கு ஆலங்குளம் பேருந்து நிறுத்தத்தில் வந்தது. தென்காசி வண்டியின் கண்டக்டர் என்னிடம் படித்தவன். படிக்கட்டில் நின்றபடியே, "சார்வாள், பேச்சு டாக்டரு போயிட்டாராம்லா!" என்று கத்தினான். பெரியவரைப் பற்றி இப்படியா சொல்வது என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காசிம் டாக்டர்னு ஒழுங்கா சொல்லுலே" என்று அதட்டினேன். அதட்டி முடித்த பிறகுதான் அவன் சொன்னது உள்ளே இறங்கியது. அவனே கீழே இறங்கி வந்து, கையைப் பிடித்து என்னை வண்டியில் ஏற்றி உட்கார வைத்தான்.

பேச்சு டாக்டர் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். ஊசி போடாத டாக்டரை நம் ஊரில் யார் மதிப்பார்கள்? "போனா உக்கார வச்சுப் பேசுவாராம். அதுக்கு டீக்கடைக்குப் போனாப் பத்தாதா?" என்று சிரித்தவர்கள் உண்டு. அதே ஆட்கள் பிறகு தங்கையையோ தம்பியையோ அழைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்தபடி அவருடைய மாடிப்படி ஏறியதும் உண்டு. பெயர் சொல்லி நான் யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. இதைப் படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

மனம் கலங்கியவர்களைத் தலை நிறைய எண்ணெய் வைத்து அருவியில் நிறுத்தினால் தெளியும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. சாரல் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாகக் குற்றாலத்துக்குக் கூட்டி வருவார்கள். டாக்டரும் ஆனி பிறந்தால் தென்காசி அறையைப் பூட்டிவிட்டு அங்கே ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிடுவார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், இதையெல்லாம் மூடத்தனம் என்று ஏசுவார் என எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். "அருவியும் இருக்கட்டும், நேர்ச்சையும் இருக்கட்டும். தூக்கம் வராட்டா மாத்திரையும் தாரேன். நடுவுல கொஞ்சம் பேசிக்கிடுவோம்" என்பார்.

அப்படிக் கூட்டி வரப்பட்டவர்களில் நானும் ஒருவன். என் மனைவி உலகம்மாள் காய்ச்சலில் இறந்த ஆண்டு அது. நான் அப்போது தென்காசியில் தமிழாசிரியர். மேடைப் பேச்சுக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை. அவள் போன பிறகு, வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அந்தத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. பையன்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள். தலைமையாசிரியர் விடுப்பில் போகச் சொன்னார். பேச்சு திரும்பாவிட்டால் வேலை இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. தமிழாசிரியனுக்கு வேறு என்ன பிழைப்பு இருக்கிறது?

உலகம்மாளின் தம்பி என்னை அருவிக்குக் கூட்டிப் போனான். எண்ணெய் ஒழுகும் தலையோடு, எனக்கா பைத்தியம் என்று பொருமிக்கொண்டு நின்றேன். குளித்த ஈரத்தோடு அவன் என்னைக் காசிம் டாக்டர் வீட்டில் விட்டான். உள்ளே இரண்டு நாற்காலிகள், இரண்டும் சன்னலைப் பார்த்துப் போட்டிருந்தன. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டா கோர்ட்டுல வாய்தா கேக்க மாதிரில்லா இருக்கும், வே" என்றார்.

வியப்பு என்னவென்றால், அங்கே எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. "இல்லறமென்னும் நல்லறத்தின் சுடர்விளக்கு அணைந்தது" என்று தொடங்கி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக, "ரொம்ப நல்லாருக்கு பண்டிதரே. கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போனபொறவு என்ன பேசுவீரு?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளும் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நாற்காலி அங்கேயே கிடந்தது. அவர் முந்தைய நாளைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நான் வீம்புக்கு, "அழ வேண்டியதை அருவியிலேயே அழுதுகொள்கிறேன். அங்கே யாருக்கும் கேட்காது" என்றேன். "அதான் வே பத்தல. ஒருத்தருக்காவது கேக்கணும்" என்றார்.

பிறகு ஒரு நாள் நடக்கலாம் என்று ஐந்தருவிச் சாலையில் கூட்டிப் போனார். தூறிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு பழக்கடை. மங்குஸ்தான் புதிதாக வந்து குவிந்திருந்தது. உலகம்மாளுக்கு அந்தப் பழமென்றால் உயிர். சாரல் காலத்தில் நான் குற்றாலம் வந்தால் துண்டில் முடிந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றும் என் கை தானாகக் குவியலுக்குள் போனது. காம்பு பச்சையாக இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கித் துண்டை விரித்துவிட்டேன். கடைக்காரி என்னைத் தெரிந்தவள். "வீட்டுக்கா சார்வாள்?" என்றாள்.

அந்த நடுச்சாலையில்தான் நான் பேசினேன். "வீட்டுல யாரு இருக்கா? அவளத் தேடுது எனக்கு. ரொம்பத் தேடுது" என்றேன். பிள்ளைகள் தாயைப் பிரிந்தால் சொல்லும் சொல் அது. நான் கட்டுரை நோட்டில் கண்டிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். டாக்டர் சாலையோரப் பாலத்துச் சுவரில் என்னை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அழுது ஓயும்வரை மழையில் நனைந்தார். எழும்போது மட்டும், "இப்பதான் வே வந்து சேந்தீரு" என்றார்.

அதற்குப் பிறகும் பல வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் வைத்த புளிக்குழம்பு, என்னிடம் போட்ட சண்டை, கடைசி நாள் காய்ச்சலில் என்னிடம் கேட்ட தண்ணீர் எல்லாவற்றையும் வீட்டுப் பேச்சில் சொன்னேன். ஐப்பசியில் பள்ளிக்குத் திரும்பினேன். ஆலங்குளத்துக்கு மாற்றலாகிப் போன பிறகும் ஒவ்வொரு சாரலுக்கும் மங்குஸ்தானோடு அவரிடம் போவேன்; ஊருக்கே டாக்டரம்மாவான அவர் மனைவி வாங்கி வைப்பார். நோயாளியாகப் போனவன் நண்பனாகிவிட்டேன். சில நாள் அவர், "இன்னைக்கு நீரு கேளும்" என்று சன்னலைப் பார்த்தபடி, கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போய்த் திரும்பி வராத தன் தம்பியைப் பற்றிச் சொல்வார். நானும் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். அவ்வளவு நிம்மதியான சாயங்காலங்கள் எனக்கு இனி இல்லை.

சென்ற வாரம் தென்காசியில் இரங்கல் கூட்டம். "மருத்துவ உலகின் மாணிக்கம் மறைந்தது" என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் முழங்கினார்கள். என் பெயரைச் சொன்னதும் மேடை ஏறினேன். நல்லதொரு தொடக்கம் தயாராக இருந்தது. வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகு அதே அடைப்பு. முன்வரிசையில் என் பழைய மாணவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சன்னல் எங்கே என்று தேடினேன். இடது பக்கம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "டாக்டரத் தேடுதுய்யா எனக்கு" என்றேன். அது வந்தது. வேறொன்றும் சொல்லாமல் இறங்கி வந்தேன். யாரும் கைதட்டவில்லை, அதற்கு நன்றி.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: அந்த ஒரு சொல்லும், என் வீட்டுச் சன்னலைப் பார்த்துப் போட்ட இரண்டு நாற்காலிகளும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நான் டாக்டரில்லை, ஆனால் குறுக்கே பேசமாட்டேன்.

கூட்டம் முடிந்து மறுநாள் ஐந்தருவிச் சாலையில் நடந்தேன். மங்குஸ்தான் வந்துவிட்டது. அவருக்கென்று ஆண்டுதோறும் வாங்கும் பழக்கத்தில் துண்டை விரித்துவிட்டேன். அதே கடைக்காரிதான், தலை நரைத்துவிட்டது. இம்முறை அவள் யாருக்கு என்று கேட்கவில்லை. பழங்களைப் பொறுக்கிப் போட்டு முடிச்சுப் போட்டாள். "டாக்டரம்மாகிட்ட குடுத்துட்டு, கொஞ்சம் உக்காந்து பேசிட்டு வாங்க, சார்வாள்" என்றாள்.