ஹம் நின்றால் கல்யாணம்

ம்ம்ம்ம்ம்…

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கேட்ட அந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிபயரை வீட்டிலேயே கட்டிப் பார்த்து நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊசியை இசைத்தட்டில் வைப்பதற்கு முன்பே ஒலிபெருக்கிக்குள் ஒரு வண்டு வந்து உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ஹம். இந்தத் தொழிலில் பாட்டு வருவது சுலபம். ஹம் போவதுதான் கஷ்டம்.

நாற்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. என் அண்ணன் சாமுவேல் மில்லில் எலக்ட்ரீஷியன். நான் காலேஜில் பௌதிகம் படித்துவிட்டு வீட்டில் இருந்தவள். டிரான்ஸ்பார்மர் சுற்றுவது அவர். சர்க்யூட் படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஈயம் வைத்துப் பற்றவைப்பது நான்.

மண்ணும் மாப்பிள்ளையும்

அம்மா என் கல்யாணப் பேச்சை எடுக்காத நாள் கிடையாது. ஒருநாள் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலும் கையுமாக இருந்தபோது கேட்டதால், "இந்த ஹம் நிக்கட்டும்மா, மறுநாளே கட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். தப்பிக்கத்தான் சொன்னேன். அம்மா அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டாள். நேரே அண்ணனிடம் போய், அந்தச் சனியன் ஏன் முனகுது என்று விசாரித்தாள்.

"எர்த் சரியில்லன்னு நினைக்கேன்" என்றார் அண்ணன். பெட்டியின் தகரத்திலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுபோய் ஈர மண்ணில் இறக்குவதுதான் எர்த் என்று அவளுக்குப் புரியவும் வைத்தார். அம்மா கூரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"கர்த்தரே, நான் இவளுக்கு மாப்பிள்ளை தேடுனா, இவிய மண்ணுல்லா தேடச் சொல்லுதாக!"

வெளிச்சம் பத்தாது

தளவாய்புரத்திலிருந்து ஒருவர் ஆம்ப்ளிபயர் வாங்க வந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றி, சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்த வால்வுகளைப் பெருமையோடு காட்டினோம். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், முன்னறையின் ஒற்றை விளக்கையும் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவர் கேட்டதாகவே தெரியவில்லை. கடைசியில் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியம்போலச் சொன்னார்.

"தம்பி, பாட்டெல்லாம் சரிதான். ஆனா அம்புட்டு பல்பு போட்டும் ஒரு மூஞ்சி தெரியலையே, உங்கள யாரோ ஏமாத்திட்டாங்க!"

கூமாப்பட்டி வாத்தியார்

நான் வாக்குக் கொடுத்த அந்த வாரத்திலேயே ஹம் பெரிதாகிவிட்டது. வண்டு போய் வண்டி வந்தது. அப்படி அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கூமாப்பட்டிப் பள்ளிக்கூட வாத்தியார் தன் மாமாவோடு என்னைப் பெண் பார்க்க வந்தார். அம்மா போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஹம்மோடு சேர்ந்து தொண்டைக்குள் மெல்ல முனகிச் சுருதி பிடித்து, அதன்மேல் ஒரு கீர்த்தனையில் இரண்டு வரி பாடினார். நான் விரட்டிக்கொண்டிருந்த சனியன் அந்த இரண்டு வரிக்குத் தம்புராவாகிவிட்டது.

ஹம் நிற்கவேண்டும் என்று அன்றுதான் மெய்யாகவே ஆசைப்பட்டேன். இப்போதே சரி என்று சொல்லலாம். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வெட்கம். நான் வைத்த நிபந்தனையை அவரும் கேள்விப்பட்டிருந்தார். புறப்படும்போது, அண்ணனிடம் சொல்லாமல் என்னிடமே சொன்னார்.

"அவசரமில்ல. நின்னதும் சொல்லி அனுப்புங்க, வாரேன்."

ஓங்காரம்

அதற்குப் பிறகு நான் செய்யாதது ஒன்றுமில்லை. வால்வுக் கம்பிகளைச் சடை பின்னுவதுபோல முறுக்கினேன். டிரான்ஸ்பார்மரைத் திசைக்கு ஒன்றாகத் திருப்பி வைத்தேன். பெட்டிக்கு ஒரு எர்த் கம்பி, இசைத்தட்டு சுற்றும் மேசைக்கு ஒரு எர்த் கம்பி, இரண்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஹம் அசையவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஜனை மடத்து நாயுடு வந்து அதைக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாட்டுக்கு முன்னால் பெட்டி தானாகவே ஓம் சொல்கிறதாம். அதில் யாரும் கை வைக்கக் கூடாதாம். பெட்டியையும் மேசையையும் மார்கழிக்கு வாடகைக்கு எடுத்துப் போனவர், மறுநாளே கோபத்தோடு திரும்பி வந்தார். நானும் அண்ணனும் சிரித்த சிரிப்பில், அவர் சொன்னதன் அர்த்தம் எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

"அம்மாயி, இங்க இருந்த ஓங்காரத்த அங்க காணோமே! வீட்டுலயே எடுத்து வச்சுக்கிட்டீங்களா?"

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணம்

ஒரு கோடை போனது, மழையும் போனது. ஒருநாள் வாத்தியார் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம், பெட்டி வேண்டும் என்றார். யாருக்கு என்று அண்ணன் கேட்டார். வாத்தியார் தரையைப் பார்த்தபடி, "எனக்குத்தான். வீட்டுல இனிமே பொறுக்க மாட்டேங்காக" என்றார்.

யாருக்குக் கல்யாணம் என்று அம்மாவிடம் சொல்லாமல் நாங்களே போய்க் கட்டினோம். பெண் வீட்டு வாசலில் பெட்டிக்கு மட்டும் ஒரு எர்த் இறக்கி, சுவிட்சைப் போட்டோம். சத்தமே இல்லை. பியூஸ் போய்விட்டது என்று அண்ணன் பதறினார். நான் ஊசியை வைத்தேன். பாட்டு தெரு முழுக்கக் கேட்டது. ஊசியை எடுத்தேன், ஊசியோடு எல்லாச் சத்தமும் போயிற்று. ஒலிபெருக்கியில் காதை வைத்துப் பார்த்தேன். வண்டு இல்லை, வண்டி இல்லை. புதுக் கோட்டுப் போட்டு அந்தப் பக்கம் வந்த மாப்பிள்ளை நின்றார், தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நின்னுட்டு போலிருக்கே?"

கடப்பாரை

வீடு திரும்பியதும் மேசையின் எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது ஜன்னலைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனது. அங்கே, வெகு நாளாகக் காணோம் என்று நாங்கள் தேடிய வீட்டுக் கடப்பாரை கழுத்துவரை மண்ணில் இறங்கியிருந்தது. சுற்றிலும் ஈரம். "அண்ணே, இது நீங்கதானே கட்டுனிய?" என்றேன். "நீ கட்டுனன்னுல்லா நான் நினைச்சேன்" என்றார். ஒரே ஆம்ப்ளிபயருக்கு இரண்டு இடத்தில் எர்த் கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி, கரண்டின் முனகலையெல்லாம் அதுவே வாரிக்கொண்டு வரும். காலேஜில் படித்த எனக்கு அது தெரியும். இரண்டு கம்பியும் ஒரே மண்ணில்தான் இறங்குகின்றன என்று நினைத்திருந்தேன்; இதைத் தனியாக இங்கே யார் கட்டியது என்பதுதான் தெரியவில்லை.

வாளியோடு வந்த அம்மா கடப்பாரைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, முகமெல்லாம் ஆசையாக நிமிர்ந்தாள்.

"ஒரு எர்த்துக்கே அம்புட்டு குணம்னா, ரெண்டு போட்டா சட்டுனு நிக்கும்லா? அந்தக் கூமாப்பட்டிப் பையன் காத்துக் கிடக்கானேன்னு தினமும் ஊத்துதேன். நின்னுட்டா, ஏட்டி?"

ஆகவே, என்னைப்போல் நொந்த அன்பர்களே, ஆம்ப்ளிபயர் கட்டுகிற வீட்டில் எர்த் ஒன்றுக்கு மேலும், அம்மாவுக்குக் கொடுக்கிற வாக்கு ஒன்றுகூடவும் இருக்கக் கூடாது.

வாத்தியார் கூமாப்பட்டியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, போன மழைக்காலத்தில் இறந்துபோனார்.