மாற்று சர்வர் கேட்ட அடையாளம்

அந்த மருத்துவமனையில் யார் எந்தப் பதிவைத் திறக்கலாம் என்று கணினியில் அனுமதி கொடுப்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் பூட்டு. வீட்டில் அவர் பாச்சா பலிக்காது. "ஊருக்கெல்லாம் அனுமதி குடுக்குறீங்க, பீரோவை மட்டும் தொட்டுடாதீங்க" என்பாள் மனைவி. உரத்துப் பேசத் தெரியாத மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

அன்று மதியம் பக்கத்துத் தெரு வெட்டுக்குத்தில் வயிறு கிழிந்த ஒருவனைத் தூக்கிவந்தார்கள். வெட்டியவர்களும் விடாமல் துரத்தி வந்தார்கள். வரவேற்பறைக் கண்ணாடி நொறுங்கியது. காவலாளியின் பற்கள் தரையில் சிதறின. பதிவுகளெல்லாம் இருந்த கீழ்த்தளத்துச் சர்வரை எதற்கு அடித்து உடைத்தார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. உள்ளே விளக்குகள் மின்னின, அது போதும். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டதும் சிதறி ஓடினார்கள்.

பூட்டு மாடிக்கு ஓடினார். அங்கே மாற்று சர்வர். எல்லாப் பதிவுகளின் நகலும் அதில் இருக்கும்; படிக்கலாம், திருத்த முடியாது. ரத்த வங்கி அக்கா மூச்சிரைக்க வந்து, கொண்டுவந்த ரத்தப் பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். அனுமதி இல்லை.

"என்ன பூட்டு, நான் யாருன்னே தெரியாதுங்குது! வெட்டுப்பட்டவனுக்கு ஏற்கெனவே ஒருதடவை இங்க ரத்தம் ஏத்தி, சேராம உடம்பு தூக்கிப் போட்டிருக்கு. எது சேராதுன்னு பதிவுலதான் இருக்கு. இப்ப சோதிச்சா தெரியாதுய்யா."

"உங்க பேரு இருக்குக்கா. ஆளு நீங்க இல்லேங்குது."

தவறு பூட்டுடையது. ஒவ்வொரு பெயருக்கும் சர்வர் உள்ளுக்குள் ஓர் எண் கொடுக்கும். பதிவுகள் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். மாற்று சர்வரை அமைத்தபோது, நகலுக்கு வெளியே உள்ள நுழைவுப் பட்டியலில், அவர் பெயர்களை மட்டும் புதிதாகத் தட்டிச் சேர்த்திருந்தார். அது தன்பாட்டுக்கு வேறு எண்களைக் கொடுத்துவிட்டது. பூட்டு பெயர்களையும் எண்களையும் பார்க்கலாம்; நோயாளியின் பதிவைத் திறக்க அவருக்கே அனுமதி கிடையாது.

கதவை உதைத்துக்கொண்டு வெட்டுப்பட்டவனின் அண்ணன் வந்தான். சட்டை முழுக்கத் தம்பியின் ரத்தம், கையில் இரும்புக் குழாய்.

"பை பையா ரத்தத்தை வச்சிக்கிட்டு இங்க என்னடா நோண்டுற?"

பதற்றத்தில் பூட்டு அக்காவின் பெயரை அழித்து மறுபடி சேர்த்தார். இன்னொரு புது எண். அனுமதி இல்லை. குழாய் பூட்டின் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அக்காவுக்கே கேட்டது. பூட்டு நகலுக்குள் போய் எண்ணை மாற்றப் பார்த்தார். படிக்க மட்டும், என்றது திரை. அண்ணன்காரன் அக்காவின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். "பையை எடுடி. நட."

"படிக்கத்தானே விடுது!" பூட்டு கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. அண்ணன்காரனே ஒரு கணம் நின்றான்.

கீழே செத்துப்போன சர்வர் கொடுத்த பழைய எண் நகலுக்குள்ளேயே அக்காவின் பெயருக்கு நேரே இருந்தது. புதியதை அழித்தார். அந்தப் பழைய எண்ணையே கொடுத்து, ஒற்றைக் கையால், அக்காவின் பெயரை மறுபடி சேர்த்தார்.

"இப்ப தட்டுங்கக்கா!"

கூந்தல் அவன் பிடியில் இருக்க, நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, அக்கா தட்டினார். பதிவு திறந்தது. படித்தார். மேசையிலிருந்த பையைப் பார்த்தார்.

"நீ ஏத்தச் சொன்னது இதைத்தான்டா. ஏத்தியிருந்தா உன் தம்பியை நீயே கொன்னிருப்ப."

பிடி தளர்ந்தது. அக்கா வேறு பை எடுக்க ஓடினார். அவன் குழாயோடு அங்கேயே நின்றான். பூட்டு கீழே கூட உட்காரவில்லை. அடுத்துச் சரிசெய்ய அறுவை மருத்துவரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

தம்பி பிழைத்துவிட்டான் என்று செய்தி வந்தபோது, போலீஸ்காரரும் கூடவே வந்தார். தொங்கிய கையைப் பார்த்தார்.

"யாருய்யா அடிச்சது? பேரு தெரியுமா?"

பூட்டு கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க இன்னொரு கை வரவில்லை.

"பேரு தெரியாது சார். ஆளு இவன்தான்."