சம்மதம் கேட்டவர்

பக்கவாதத்தில் பேச்சிழந்த என் மனைவி, தட்டச்சு செய்வதைக் குரலாக்கும் மென்பொருளால்தான் பேசுவாள். புதுக் கணினியில் அது திறக்கவில்லை. உதவி எண்ணில், சிறுசேரியிலிருந்து பேசியவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. எதைச் சொல்வதற்கு முன்பும் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

“அக்கவுன்ட் அம்மா பேர்ல இருக்கு சார். அவங்க வாயால ஓகே சொன்னாத்தான் ஆக்டிவேட் பண்ண முடியும்.”

“அவ பேசினா உன்னை எதுக்குய்யா கூப்பிடறேன்?”

செருமினார். “அப்ப நீங்களே அம்மா மாதிரி சொல்லிடுங்க சார்.”

சொன்னேன். மென்பொருள் திறந்தது.

மறுநாள் அவருடைய மேலதிகாரி அழைத்துச் சேவை எப்படி என்று விசாரித்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிப் பாராட்டினேன். அடுத்த முறை அழைத்தபோது வேறொருவர் எடுத்தார். முன்பு பேசியவரைக் கேட்டேன். “அந்த போன் காலுக்காக அவரை வேலையவிட்டுத் தூக்கிட்டாங்க சார்” என்றார்.

மனைவி ஒற்றை விரலால் தட்டினாள். “அந்தத் தம்பிக்கு நன்றி சொன்னீங்களா?” என்றது கணினி.

“சொன்னேன்” என்றேன்.